ஓரகத்தி அடுப்பில் திருடிய சாறு

மார்கழியை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோலம், பூசணிப்பூ, இதமான குளிர் என்று அடுக்குவார்கள். எனக்கு அந்த மாதம் என்றால் நனைந்த விறகு, எரிகிற கண், பக்கத்து அடுப்பில் என் ஓரகத்தியின் முதுகு. என் கணவரின் அண்ணன் மனைவி அவள். ஐந்து வருஷம் அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் கொடுத்துப் பேச்சு இல்லை.

காரைக்குடியில் எங்கள் வகையறாவில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைத்து’விடுவார்கள். வீடு அதேதான், முற்றமும் அதேதான், அடுப்பு மட்டும் வேறு. வருஷத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, புளியை மாமியாரே தந்துவிடுவார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம் ஒரு சிட்டிகை உப்புக்கூடக் கேட்க முடியாது. “நான் வச்சது பத்தலையோ?” என்று மாமியார் ஆரம்பித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். கேட்காமல் கொண்டுபோய்க் கொடுப்பதும் குற்றம். உன் சமையல் லட்சணம் தெரியும் என்று குத்திக்காட்டியதாக ஆகிவிடும்.

குத்திக்காட்ட என் ஓரகத்திக்குச் சொல்லியா தர வேண்டும்? என்னை வேறு வைத்த அன்று நான் வைத்த முதல் குழம்பை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதை மாட்டுக்குக் காட்டுனா குடிக்கும்” என்றாள், உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும். அன்றோடு சரி.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழி. என் கணவர் சென்னையில் வேலையில் இருந்தார். நாலு வயது மகளுக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்தி எடுத்துவிட்டுப் போனது. காய்ச்சல் போயிற்று, பசியையும் கூடவே கொண்டுபோயிற்று. கஞ்சியைத் துப்பினாள். ரசம் சோற்றைத் துப்பினாள். செக்காலை ரோட்டு டாக்டர் அவள் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இனிமே மருந்து இல்லம்மா, சோறுதான். சாப்பிடலைன்னா புள்ள தேறாது” என்றார். ஏதோ நான் பட்டினி போட்ட மாதிரி.

அவள் வாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பக்கத்து அடுப்பில் ஒரு நாள் முருங்கைக்கீரைச் சாறு கொதித்தது. அரிசி கழுவின இரண்டாவது தண்ணீரில் கீரையும் சின்ன வெங்காயமும் வேகவைத்து, கடைசியில் தேங்காய்ப் பால் விட்டு இறக்குவது. குழைந்த சோற்றில் ஊற்றினால் மழைக் குளிருக்கு வயிறு வரைக்கும் சூடாக இறங்கும். பாயில் கிடந்த பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அது வேணும்” என்றாள்.

நானும் வைத்தேன். அதே மரத்துக் கீரை, மாமியார் தந்த அதே அரிசி. பால் விட்டபின் கொதிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பிள்ளையை அதட்டிவிட்டுத் திரும்புவதற்குள் கொதித்துத் திரிந்துவிடும். மூன்று நாள் திரிந்தது. மூன்றாம் நாள் அவள் துப்பியபோது முதுகில் ஒன்று வைத்தேன். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஓரகத்தி கொல்லைக் கிணற்றுக்குக் குளிக்கப் போனாள். அவள் சட்டியைத் திறந்தேன். சாறுதான். ஒரு கரண்டி டம்ளரில் மொண்டு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளை அத்தனையையும் சாப்பிட்டுவிட்டு, “இன்னுங் கொஞ்சம்மா” என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சந்தோஷம் வந்தது, பின்னாலேயே எரிச்சலும் வந்தது. அவள் கைச் சமையலா இறங்க வேண்டும் என் பிள்ளைக்கு?

அடுத்த நாளும் போனேன். அன்றும் சாறு. அதற்கு அடுத்த நாளும் சாறு. பன்னிரண்டு நாள் திருடினேன். “இத்தனை பீற்றிக்கொள்கிறாளே, இதை விட்டால் வேறு ஒன்றும் வைக்கத் தெரியாது போலிருக்கிறது” என்று மனசுக்குள் அவளை ஏளனம் செய்துகொண்டேதான் மொண்டேன். உறைப்புக்குப் பேர்போன கை, இதில் மிளகாயே காணோமே என்றும் நினைத்தேன். வயசாகிறது, மறக்கிறாள் என்று முடிவு கட்டினேன். பிள்ளை ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். பத்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாள்.

பன்னிரண்டாம் நாள் இலையில் உட்கார்ந்த என் கணவரின் அண்ணன் வெடித்தார். “தெனமும் இதே கீரைத் தண்ணி! உப்பு இல்ல, உறைப்பு இல்ல. இங்க யாருக்குக் காச்சலு?”

தூணுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். ஓரகத்தியின் குரல் நிதானமாக வந்தது. “ஏன் கத்துறீக? இன்னும் ரெண்டு நாளைக்கு இதுதான். பேசாமச் சாப்பிடுங்க.”

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. எந்த மடச்சி ஒரே சாற்றைப் பன்னிரண்டு நாள் வைப்பாள்? குளியலுக்கு எந்தப் பொம்பளைக்கு அத்தனை நேரம் பிடிக்கும்? எல்லாம் தெரிந்திருக்கிறது அவளுக்கு. தெரிந்துதான் வைத்திருக்கிறாள். நான் ஒளித்துக்கொண்டு ஓடிய ஒவ்வொரு டம்ளரையும் அவள் கணக்காக எனக்குக் கொடுத்திருக்கிறாள். போய்ச் சட்டியை அவள் தலையிலேயே கவிழ்க்கலாம் என்று இருந்தது.

மறுநாள் அவள் வழக்கம்போலச் சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நான் சட்டி முன்னால் வெகுநேரம் நின்றேன். எடுத்தால் பிச்சை. எடுக்காவிட்டால் பிள்ளை பட்டினி. மொண்டேன். டம்ளரோடு நிமிர்ந்தால் கொல்லை வாசலில் அவள், ஈரத் தலையோடு.

பார்த்தாள். டம்ளரையும் பார்த்தாள். “சோப்பை மறந்து வச்சிட்டு வந்துட்டேன்” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கே திரும்பிப் போனாள். சோப்பு அவள் கையிலேதான் இருந்தது.

திருடி என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஐந்து வருஷத்தையும் கொட்டித் தீர்த்திருப்பேன். அதற்குக்கூட வழி வைக்காமல் போனாள், பாவி.