டாம்சினின் தொண்ணூற்று நான்கு

டாம்சின் ரஸ்க் இப்போது எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் நாய்களைக் குளிப்பாட்டுகிறாள். அவள் அங்கே டாக்டராக இருந்திருக்க வேண்டியவள். பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்கு வேதியியல் பாடம் எடுத்தவள் நான்.

அந்த வருடம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மழை என்பதே இல்லை. ஆடுகள் நிற்கத் தெம்பில்லாமல் விழுந்தன. மனைவி போன பிறகு டாம்சினின் அப்பா க்ளைவுக்கு இருந்ததெல்லாம் அந்த ஆடுகளும் இந்த ஒரே பெண்ணும்தான். ஆகஸ்டில் பள்ளித் தேர்வுகள் நடந்த இரண்டு வாரமும் அவள் அவரோடு மந்தையில் கிடந்தாள். மருத்துவச் சான்று இல்லாவிட்டால் பூஜ்யம். நானும் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டுப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை. எல்லாப் பாடத்திலும் அவள் கடைசி இடத்துக்குப் போனாள்.

"விடுங்க மிஸ், பொதுத் தேர்வுக்குப் பாதி மார்க் இருக்குல்ல? அதுல பிச்சு உதறிடுறேன்" என்றாள்.

உதறத்தான் செய்தாள். டிசம்பரில் முடிவு வந்த காலை க்ளைவ் போனில் கத்தினார்.

"நோரீன்! வேதியியல்ல என் பொண்ணு தொண்ணூத்தி நாலு! அந்த முதல் ரேங்க் ஹாமிஷுக்கே எம்பதுதானாம். உடனே வா, பீர் வாங்கி வெச்சிருக்கேன்!"

அந்த எண்பதைக் கேட்டதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. போனேன். டாம்சின் மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். க்ளைவ் அவள் போனை என்னிடம் நீட்டினார்.

"பக்கத்துல அம்பத்திரண்டுன்னு போட்டிருக்கானுங்களே, இது எவனோடது?"

"அது இவளோட பள்ளி மார்க், க்ளைவ்."

"என்ன உளர்ற?"

"ஒரு பள்ளிக்கூடம் அள்ளிக் கொடுக்கும், இன்னொண்ணு கிள்ளிக் கொடுக்கும். அதனால பள்ளி மார்க்கை அப்படியே எடுத்துக்க மாட்டாங்க. வகுப்பு மொத்தமும் பொதுத் தேர்வுல எடுத்த மார்க்கை வெச்சு அதைத் திருத்துவாங்க. பொதுத் தேர்வுல வகுப்புக்கு வந்த பெரிய மார்க், பள்ளியில முதல்ல நின்னவனுக்குப் பள்ளி மார்க்காகிடும்; இருக்கிறதுலயே சின்ன மார்க் கடைசியில நின்னவளுக்கு. யார் எழுதினதுன்னு பாக்க மாட்டாங்க."

"அப்போ இவளோட தொண்ணூத்தி நாலு?"

"பொதுத் தேர்வுப் பாதிக்கு இவளுக்கு இருக்கு. ஆனா ஹாமிஷுக்கும் அதுவே பள்ளி மார்க்கா போயிருச்சு."

"அடப்பாவிகளா! கஷ்டப்பட்டவ இவ, அனுபவிக்கிறவன் அவனா?"

"அவன் மேல என்ன தப்புப்பா?" டாம்சின் தலை நிமிர்ந்தாள். "இன்ஜினியராகப் போறான். அவன் கட்டுற பாலத்துல பாதி என்னுதுன்னு சொல்லிக்கலாம்." சிரித்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

அவளுடைய இரண்டு மார்க்குக்கும் சராசரி எழுபத்து மூன்று. மற்ற பாடங்களிலும் இதே அநியாயம். கால்நடை மருத்துவப் படிப்பை அந்த மார்க்கோடு எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

க்ளைவ் சட்டென்று அவள் மேல் பாய்ந்தார்.

"உன்னை யாருடி வரச்சொன்னா? பரீட்சைக்குப் போன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! அந்த ஆடுங்கள்ல ஒண்ணாவது மிஞ்சுச்சா? அத்தனையும் சுட்டுப் புதைச்சாச்சு. செத்த ஆட்டுக்காக உன் படிப்பையே தொலைச்சிட்டு நிக்கிறியேடி!"

"ஆட்டுக்காக வரலப்பா."

"பின்ன எதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் இருக்கிறேனே என்று தயங்கியிருக்க வேண்டும்.

"நீ துப்பாக்கியோட அங்க தனியா இருந்தியேப்பா" என்றாள்.

அப்படியெல்லாம் எதுவும் செய்திருக்க மாட்டேன் என்று க்ளைவ் சொல்லவில்லை.