வண்டி ஏறாத குதிரை

எங்கள் குதிரை ஓடுவதில் கெட்டி. வண்டியில் ஏறுவதில்தான் சண்டி. பந்தயம் எந்த ஊரில் நடந்தாலும் மினி லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். போன வருடம் ஏற்றும்போது, ஏறுவதற்குச் சாய்த்துவைத்த பலகை சறுக்கிக் கால் மாட்டிக்கொண்டது. அதிலிருந்து பலகையைக் கண்டாலே முன்னங்கால்களைத் தூக்கிவிடும்.

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "பாஞ்சாலங்குறிச்சிப் பந்தயத்துக்கு ஏறலேன்னா உடன்குடி அண்ணாச்சிட்ட கொடுத்திருதேன். அவரும் ரெண்டு வருசமா கேட்டுக்கிட்டே இருக்காரு."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். சும்மா இருக்க முடியுமா? அடிக்காமல் பழக்குவதைப் பற்றி வீடியோக்கள் பார்த்து ஒரு நோட்டும் போட்டேன். கம்பு கூடாது. கயிற்றை இழுக்கக் கூடாது. தானாக ஓர் அடி வைத்தால் ஒரு துண்டு கருப்பட்டி. லாரி டிரைவர் அண்ணன் தினமும் சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார். 'முதல் நாள்: பலகையை முகர்ந்தது. ஒன்பதாம் நாள்: இரண்டு கால்.'

அம்மா கருப்பட்டியைத் தட்டி டப்பாவில் கொண்டுவந்து பக்கத்திலேயே நிற்பாள். "மனுசனுக்குக் காப்பியில போட இல்ல. மகராணி கால் வச்சதுக்குக் கருப்பட்டி!" என்று குதிரையிடமே சொல்வாள். இருபதாம் நாள் குதிரை முழுதாக ஏறி நின்றது. அடிக்கோடு போட்டு எழுதினேன்.

பந்தயத்தன்று காலையில் உடன்குடிக்காரரும் கயிற்றோடு வந்துவிட்டார். குதிரை ஏறியது. நான் அவரைப் பெருமையாகப் பார்த்தேன். டிரைவர் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்தார். குதிரை இறங்கிவிட்டது. இருபது நாளில் ஒரு நாள்கூட நான் இஞ்சினை ஓடவிட்டுப் பழக்கவில்லை.

"இது நோட்டுல இல்லையாலே?" என்றார் அப்பா.

கருப்பட்டியை நீட்டினேன். குதிரை அதை விட்டுவிட்டு வீட்டு வாசலையே பார்த்தது.

"விடுங்க அண்ணாச்சி, நான் நடத்தியே கூட்டிட்டுப் போயிருதேன்" என்று உடன்குடிக்காரர் கயிற்றைப் பிரித்தார்.

அப்போது அம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு டப்பாவோடு வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. இஞ்சின் உறுமுகிற வண்டியில் பலகை வழியாக ஏறி, குதிரையைப் பார்த்து "வாளா" என்றாள். குதிரை பின்னாலேயே ஏறி டப்பாவில் மூக்கை விட்டது.

"சரி, நீ இறங்கு" என்றார் அப்பா.

அம்மா ஒரு காலை எடுத்து வைத்தாள். குதிரையும் எடுத்து வைத்தது. அம்மா பழைய இடத்துக்கே போய்விட்டாள்.

"ஏளா, நைட்டியோடயா பந்தயத்துக்கு வாரே? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சேலைய எடுத்துப் போடுங்க, மேலயே சுத்திக்கிடுதேன்."

அப்பா உடன்குடிக்காரரிடம் திரும்பினார். "பாத்தீகள்லா அண்ணாச்சி? கூட்டிட்டுப் போறதுன்னா ரெண்டு பேரையும்தான் கூட்டிட்டுப் போகணும்."

அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

நாங்கள் கிளம்பினோம். புதியம்புத்தூர் தாண்டுவதற்குள் அம்மா நான்கு தடவை கேபினைத் தட்டிவிட்டாள்.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க. அதுக்குத் தலை சுத்துதாம்."