கப்பித்தானுக்குத் தடையுத்தரவு

ஒற்றைச் செருப்புக் கப்பித்தான் இன்னமும் நடுக்கடலில்தான் நிற்கிறார். ஏறியிருப்பது ஓட்டை வள்ளம். குடிதண்ணீர்ப் பீப்பாயில் அரைவாசிதான் மிச்சம். அவரை அப்படியே விட்டுவிட்டு நான் வளர்ந்து, கலியாணம் கட்டி, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டேன். ஏன் காப்பாற்றவில்லை என்று யாராவது கேட்டால், எனக்கு அதிகாரம் இருக்கவில்லை என்று சொல்வேன். சட்டப்படி அது சரியான பதில்.

கப்பித்தான் என்னுடைய ஆள் அல்ல. பெரியம்மாவின் மகளுடைய ஆள். அவள் என்னைவிட எட்டே எட்டு மாதம் மூத்தவள். அந்த எட்டு மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. வாய் கூப்பிடும், மனசு கூப்பிடாது. நாங்கள் இருவரும் ஆறாம் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். வடமராட்சிக் கிழக்கில், மணற்குன்றுகளைத் தாண்டினால் வருகிற சின்னக் கடற்கரை ஊர் எங்களுடையது. ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், மிச்சமெல்லாம் மணல். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகுவேலியும் அதில் ஆள் நுழைகிற ஒரு பொட்டும் இருந்தன. அம்மாவும் பெரியம்மாவும் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது அந்தப் பொட்டுக்குள்ளால் குனிந்து போய் வருவார்கள்.

அக்காவும் நானும் ஒரு கொப்பியில் கதை எழுதிக்கொண்டிருந்தோம். கோழித்தீவு என்று ஒரு தீவு. அதைப் படைத்தவள் நான். நாளை நடக்கப்போவதை இன்றைக்கே கண்ணாடியில் பார்த்துச் சொல்கிற கண்ணாடிக்காரியும் என்னுடையவள். கப்பித்தான் அவளுடையவர். கப்பலோட்டுகிறவர், சுறாவோடு சண்டை பிடித்ததில் ஒரு செருப்பைப் பறிகொடுத்தவர். மிச்ச ஒன்றை ஒருநாளும் கழற்ற மாட்டார்.

ஒரு நாள் அவள் எழுதுவாள், மறுநாள் நான் எழுதுவேன். முறை வைத்துச் செய்வது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டுச் சோறே முறை வைத்துத்தான் வந்தது. கடற்கரையில் இந்தத் துண்டில் இன்னார்தான் கரைவலை வளைக்கலாம் என்கிற உரிமையைப் பாடு என்போம். அம்மாவின் அப்பா தன்னுடைய பாட்டை இரண்டு மகள்மாருக்கும் பாதி பாதியாகச் சீதன உறுதிப் பத்திரம் எழுதிவிட்டிருந்தார். ஒரு நாள் எங்கள் வலை, மறுநாள் பெரியப்பாவின் வலை. அதைப் பார்த்துத்தான் நாங்களும் கொப்பியின் முதல் பக்கத்தில் ஓர் உறுதி எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். ஆளைப் படைத்தவளுக்குத்தான் ஆள் சொந்தம். மற்றவள் தன் முறையில் அந்த ஆளை நடமாட விடலாம். ஆனால் கொல்லக்கூடாது, கலியாணம் கட்டிவைக்கக்கூடாது, மீசையை மழிக்கக்கூடாது. மீசை விதி பிறகு சேர்த்தது. அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது நான் கப்பித்தானின் மீசையை மழித்துவிட்டிருந்தேன். அவள் அழுத அழுகையில் பெரியம்மாவே வந்து எனக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டா.

கொப்பியை வாசித்தவர்கள் இரண்டே பேர், அம்மாவும் பெரியம்மாவும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள். உலை கொதிக்கிற நேரத்தில் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் கப்பித்தானைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நடுநடுவே பெரியம்மாவின் இருமலும் கேட்கும்.

அந்த வருடம் கோயில் பெருநாள் எங்கள் முறையன்று வந்தது. பெருநாளன்று யாரும் வலை வளைப்பதில்லை. மறுநாள் யாருடைய முறை? பெருநாள் விழுங்கிய முறை எங்களுடையது, ஆனபடியால் மறுநாள் எங்களுக்கே என்றார் அப்பா. நாட்கணக்கு நாட்கணக்குத்தான், போன நாள் போனதுதான் என்றார் பெரியப்பா. அன்றைக்கென்று பார்த்துச் சூடை மீன் கரையோரம் திரண்டு வந்து நின்றது. இரண்டு வள்ளமும் ஒரே நேரத்தில் இறங்கின. வலையோடு வலை கொளுவி, இரண்டும் கிழிந்து, மீன் அவ்வளவும் தன்பாட்டில் போய்விட்டது. வழக்கு நீதிமன்றத்துக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கோட்டுக்கு, போனது. வழக்குப் பேசப் பிரக்கிராசிமார் வந்தார்கள். வழக்கு முடியுமட்டும் அந்தப் பாட்டில் இரண்டு பகுதியும் வலை வளைக்கக்கூடாது என்று தடையுத்தரவு வந்தது. அப்பா வேலிப் பொட்டை நாலு கிடுகு வைத்து அடைத்தார். அந்தப் பக்கமிருந்து பெரியப்பா இன்னும் நாலு வைத்தார். பாட்டின் உறுதியில் இருந்த பெயர்கள் அம்மாவினதும் பெரியம்மாவினதும். அவர்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்த வீட்டாரோடு கதைக்கக்கூடாது என்று எங்களுக்கும் கட்டளை வந்தது. உண்மையைச் சொன்னால், பெரியவர்களைவிட நாங்கள்தான் அதை அக்கறையாகக் கடைப்பிடித்தோம். வாங்கின் நடுவில் சோக்கால் கோடு கீறினோம். மூன்றாம் நாள் அவளிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது. தன்னுடைய கப்பித்தானை நான் இனி எழுதக்கூடாதாம். நானா விடுவேன்? கோழித்தீவு என்னுடையது, உன்னுடைய ஆள் அங்கே கால் வைக்க ஏலாது என்று பதில் எழுதிப் போட்டேன். இதில் வந்த சங்கடம் என்னவென்றால், கடைசி அத்தியாயத்தில் கப்பித்தான் கோழித்தீவை நோக்கித்தான் ஓட்டை வள்ளத்தில் வந்துகொண்டிருந்தார். இப்போது அவளிடம் ஆள் இருந்தார், கரை இல்லை. என்னிடம் கரை இருந்தது, ஆள் இல்லை. கொப்பி மட்டும் என்னிடம் இருந்தது.

கப்பித்தான் இல்லாமல் எழுதிப் பார்த்தேன். கண்ணாடிக்காரி கரையில் நின்று கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரட்டைச் செருப்பு மாலுமி என்று ஒருவரைப் புதிதாக இறக்கினேன். அவருக்கும் அதே மீசை, அதே சுறா. அக்கா கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாரிடமோ சொல்வதைப் போலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு செருப்பைக் கூட்டிப் போட்டால் வேறை ஆளோ?" எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. மாலுமியைக் கிழித்தெறிந்தேன்.

அம்மாதான் விடவில்லை. பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப் பையை இறக்க முன்னமே கேட்பா, கப்பித்தான் கரைக்கு வந்திட்டாரோ என்று. நான் இல்லை என்பேன். மறுநாளும் கேட்பா. அம்மாவுக்குக் கதைப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன். ஒருநாள், கொப்பியை அக்காவிடம் கொடு, அவளுடைய முறைதானே என்றா. வழக்கு முடியாமல் எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன்.

"கோடு சொன்னது வலைக்குப் பிள்ளை. கொப்பிக்கு இல்லையே."

மறுநாள் கொப்பியைப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். கொடுக்க முன் ஒருக்கால் விரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், என்னுடைய எழுத்துக்குக் கீழே, பென்சிலால் கோணல் மாணலாக அம்மாவின் எழுத்து: 'கப்பித்தானுக்கு ஒருத்தரோடையும் கோவம் இல்லை. வள்ளத்தை வேறை ஆக்கள் பிடிச்சு இழுக்கினம். தீவிலை நிக்கிற அக்காவுக்கு இருமல் சுகமோ எண்டு ஒரு வரி வந்தால் அவருக்கு அதுவே காணும்.'

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. முதலாவது, கப்பித்தானை எழுத அம்மாவுக்கு என்ன உரிமை? எனக்கே இல்லை. இரண்டாவது, கோழித்தீவில் அக்கா என்று ஒருத்தியும் கிடையாது. இருமுகிற ஆளும் கிடையாது. கதையை ஒழுங்காக வாசிக்காமல் எழுதியிருக்கிறா. அழிறப்பரை எச்சிலில் தொட்டு அழித்தேன். தாள் மெலிந்து ஓட்டை விழுமட்டும் அழித்தேன். நான் கதைக்காத ஒருத்தியின் உரிமையை, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அவளுக்கே தெரியாமல், அவ்வளவு விசுவாசமாகக் காப்பாற்றினேன். கொப்பியைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வந்தேன்.

அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அழித்த இடத்தை விரித்துக் காட்டி, கப்பித்தான் உங்கடை ஆள் இல்லை என்றேன். அம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டு, அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தா.

"ஓம் பிள்ளை. அந்த உறுதியிலை என்ரை பேர் இல்லைத்தான்."

சொல்லிவிட்டு மீனை வெட்டத் தொடங்கினா. அம்மாவே ஒத்துக்கொண்டுவிட்டா என்று எனக்குப் பெரிய புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. அதற்குப் பிறகு அம்மா கப்பித்தானைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அடுத்த மாரிக்கு முன்னம் பெரியப்பா குடும்பத்தோடு முல்லைத்தீவுக் கரைக்குப் போய்விட்டார். வழக்கு யாருக்கும் தீராமல் இழுபட்டு, பாட்டை மணல் மூடியது. அம்மாவும் பெரியம்மாவும் மறுபடி ஒருவரை ஒருவர் கண்டது எட்டு வருடம் கழித்து, பெரியப்பாவின் செத்தவீட்டில். பெரியம்மா இருமி இருமி அழுதா. அம்மா பிடித்த கையை விடவேயில்லை.

கிணற்றடியில் அக்காவும் நானும் தனியாக நின்றோம். இந்த முறை மனசும் அக்கா என்று கூப்பிட்டது. கப்பித்தான் எங்கே என்று கேட்டாள். கடலில்தான், உன்னுடைய ஆளை நான் தொடவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ எழுதியிருக்கலாம். கொப்பி வந்ததோ, கொப்பி வந்ததோ எண்டு அம்மா என்னை ஒவ்வொரு நாளும் கேட்டவ. ஏன் கேக்கிறா எண்டு எனக்கும் அப்ப விளங்கேல்லை."