பேர் இல்லாத படிவம்

அந்தச் சலவைக்கூடத்தில் இருபத்து மூன்று வருடமாக இஸ்திரி போடுகிறவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகள் அவள் கை படாமல் வெளியே போகாது. அவள் சரி என்றால் மற்ற பெண்களும் மறுபேச்சில்லாமல் சரி என்பார்கள்.

அதனால்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த இளம்பெண் நேராக அவளிடம் வந்தாள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு வேலைக்கு நடுவே பத்து நிமிடம் உடற்பயிற்சி கொடுத்தால் வலி குறைகிறதா என்று ஆறு மாதம் பார்க்கப் போகிறார்களாம்.

"முதல்ல இந்தப் படிவத்துல உள்ளதை உள்ளபடி எழுதணும்மா. பேர் வேண்டாம். பிரிவும் வயசும் போதும். நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

அக்கா சொன்னாள். எல்லோரும் எழுதினார்கள், துணி மடிக்கும் பிரிவிலிருந்த அவளுடைய நாத்தனாரைத் தவிர. கணவனின் தங்கை அவள். அங்கே அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அக்காதான்.

"முட்டி வலின்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க அண்ணி."

"பேரே இல்லாத காகிதத்துக்கு என்ன பயம்? நான் இருக்கேன்ல."

நாத்தனார் எழுதினாள். இரண்டு வருடமாக முட்டி வலி. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வருகிறாள். இரண்டு முறை தலைசுற்றித் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது மேற்பார்வையாளருக்குத் தெரியாது என்பதையும் எழுதினாள்.

உடற்பயிற்சி தொடங்கியது. பத்தரை மணிக்கு இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கி, இடுப்பைத் திருப்பி நின்றார்கள். "துணியை முறுக்கினது போதாதுன்னு இப்ப நம்மளையும் முறுக்கறாங்கடி" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. மூன்றாம் மாதம் அக்காவின் தோள்வலி பாதியாகக் குறைந்தது. அவளுக்கு அந்த ஆராய்ச்சிப் பெண் மேல் உயிர். வந்தால் உட்காரவைத்துப் பேசாமல் அனுப்பமாட்டாள்.

ஆறு மாதம் முடிந்து அறிக்கை வந்தது. சாப்பாட்டு அறைச் சுவரில் அதை ஒட்டினார்கள். நடுவே ஒரு அட்டவணை. "மடிக்கும் பிரிவு, ஐம்பது வயதுக்கு மேல்: ஒருவர். தலைச்சுற்றல்: உண்டு. மேற்பார்வையாளரிடம் தெரிவித்தது: இல்லை."

மடிக்கும் பிரிவில் ஐம்பதைத் தாண்டியவள் நாத்தனார் மட்டும்தான்.

திங்கட்கிழமை மேலாளர் அவளைக் கூப்பிட்டு, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், வீட்டுல ஓய்வா இருங்க" என்று சொல்லிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு வந்தவள் இஸ்திரி மேசையருகே நின்றாள்.

"நான் எங்க அண்ணி அந்தக் காகிதத்தை நம்பினேன்? உங்களைத்தான் நம்பினேன்."

மறுநாள் அக்கா அரைநாள் விடுப்பு எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் ஆராய்ச்சிப் பெண்ணின் முகம் வெளுத்தது.

"நாங்க யார் பேரையும் போடலையேம்மா."

"இருக்கறதே ஒருத்தி. பேர் எதுக்கு?"

"அந்த அட்டவணையை நிர்வாகத்துலதான் கேட்டாங்க. அறிக்கை கொடுத்ததோட எங்க வேலை முடிஞ்சுதும்மா. அதுக்கு மேல நாங்க..."

"உங்க வேலை முடிஞ்சுது. நான் காலம்பூரா அவ முகத்துல முழிக்கணுமே."

மேலாளரிடமும் போய்க் கேட்டாள். தலைசுற்றுகிறவள் இயந்திரத்தில் கையை விட்டால் யார் பொறுப்பு என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இரண்டாம் சுற்று ஆராய்ச்சிக்கு வேறொரு குழு வந்தது. எல்லோரும் கட்டாயம் எழுத வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. படிவங்களைக் கொடுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்த அக்கா எழுந்து நின்றாள்.

"போன தடவை எழுதுங்கன்னு உங்ககிட்ட சொன்னவ நான்தான். தப்பு பண்ணிட்டேன். என் நாத்தனார் வேலை போனது என்னாலதான். இனிமே நான் சொன்னேன்னு யாரும் எதுவும் எழுதாதீங்க."

பேனாக்கள் ஓடின.

அடுத்த அறிக்கை பிரமாதமாக வந்தது. முட்டி வலி இல்லை, முதுகு வலி இல்லை, தலைச்சுற்றல் இல்லை. மேலாளர் வாசலில் பெரிய பதாகை கட்டி, அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

நாத்தனாருக்கு ஒரு தையல் கடையில் பித்தான் வைக்கும் வேலை கிடைத்தது. அண்ணனைப் பார்க்க இப்போதும் வருகிறாள், அண்ணி வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. சாயங்காலம் வீடு திரும்பும் அக்கா, கழுவிக் கவிழ்த்த இரண்டு தம்ளர்களைப் பார்த்து அவள் வந்துபோனதைத் தெரிந்துகொள்வாள். கணவனிடம் எதுவும் கேட்கமாட்டாள்.