மஞ்சள் தொப்பிக்காரனும் ஒரு அவசரமும்

கொச்சியின் கொச்சங்காடியில் பெட்டி ஆட்டோ ஓட்டுகிற அப்துல் ஜலீலுக்குக் கார் பந்தயப் பைத்தியம் பிடித்தபோது வயது ஐம்பத்துமூன்று. அதுவரை அவருக்குத் தெரிந்த பந்தயம் ஒன்றே ஒன்றுதான். காலையில் நெரிசல் தொடங்குமுன் தோப்பும்படி பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். கிட்டங்கியில் சுக்கும் மிளகும் ஏற்றி, எர்ணாகுளம் பிராட்வேயில் இறக்கிவிட்டு, மதிய லுஹர் தொழுகைக்கு மட்டாஞ்சேரி திரும்பிவிடுவார். முப்பது வருடமாக அதே சாலைதான். ஒருநாளும் யாரையும் இடித்ததில்லை. அதற்காகத் தன் கையைப் புகழ்ந்துகொள்ளவும் மாட்டார். “காப்பாத்தினவன் மேல இருக்கான்” என்பார், அவ்வளவுதான்.

பைத்தியம் பிடிக்கக் காரணம் மகன் ஷமீல். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து முடித்து, இடக்கொச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஷார்ஜாவில் கடை வைத்திருக்கும் தாய்மாமன் ஷானவாஸ், “பாஸ்போர்ட்டை அனுப்பு, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்” என்று இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பையனுக்கு அதில் மனம் இல்லை. கோயம்புத்தூரில் பந்தயக் கார் ஓட்டும் குழு ஒன்று இருக்கிறது, அதில் எப்படியாவது சேர வேண்டும் என்பதுதான் அவன் ஆசை.

ஜலீல் அதட்டுகிறவர் இல்லை. யோசித்து ஒரு நாள் சொன்னார்: “டிசம்பர் கடைசி வரைக்கும் நீ முயற்சி பண்ணு. கிடைச்சா அது படைச்சவன் எழுதினது. கிடைக்கலேன்னா ஜனவரில மாமாகிட்ட போயிரணும். சரியா?”

ஷமீல் தலையாட்டினான். அந்த வருடத்துக்குள் இரண்டு முறை கோயம்புத்தூர் போய் வேலை செய்து காட்டினான். இரண்டு முறையும் கையை வீசிக்கொண்டு திரும்பினான்.

இதற்கிடையே ஜலீலுக்கு ஒரு சந்தேகம். அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கார் வேலையில்? பார்த்துவிட்டு ‘வேண்டாம்டா’ என்று நியாயமாகச் சொல்லிவிடலாமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயாக்கடை ராசப்பனிடம் சொல்லி டிவியில் உலகப் பந்தயத்தைப் போடச் செய்தார். கார்கள் போகிற வேகம் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. நடுவில் ஒரு கார் வந்து நின்றது. இருபது பேர் பாய்ந்தார்கள். நாலு சக்கரமும் கழன்றன, வேறு நாலு ஏறின, கார் போய்விட்டது. ராசப்பன் சாயாவை ஒருமுறை ஆற்றி முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

“என்ன ராசப்பா, இப்ப என்ன நடந்துச்சு?”

“டயர் மாத்தினாங்க ஜலீல் இக்கா.”

“நாலுமா?”

“நாலும்தான்.”

பிராட்வே நடுவில் பஞ்சராகி, ஒரே ஒரு சக்கரம் மாற்ற முக்கால் மணிநேரம் வியர்த்து ஊற்றி நின்றது ஜலீலுக்கு நினைவு வந்தது. அன்று ‘வேண்டாம்டா’ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுத்த பந்தயம் என்றைக்கு என்று கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

அவருக்குத் துணை, எதிரி இரண்டும் தங்கையா. கார்ப்பரேஷன் குப்பை லாரி டிரைவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் வண்டியில் ஏற மாட்டார். வெள்ளைக்காரப் பெயர்கள் இருவர் வாயிலும் நுழையவில்லை. அதனால் ஹெல்மெட் நிறத்தைப் பெயராக்கிக்கொண்டார்கள். ஜலீலுக்கு மஞ்சள் தொப்பிக்காரன், தங்கையாவுக்குப் பச்சைத் தொப்பிக்காரன். வருடம் முழுக்க அந்த இருவரும் மாறி மாறி ஜெயித்தார்கள். சாயாக்கடையில் இந்த இருவரும் மாறி மாறி வாய் மூடி உட்கார்ந்தார்கள்.

பார்க்கிற விதத்தில் மட்டும் வித்தியாசம். தங்கையா காரைப் பார்ப்பார். ஜலீல் சக்கரம் மாற்றுகிறவர்களைப் பார்ப்பார். கார் உள்ளே திரும்பினாலே முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, “பிஸ்மில்லாஹ்… ஒண்ணு, ரெண்டு…” என்று எண்ணத் தொடங்கிவிடுவார்.

“ஓய் பாய், ஓட்டுறவனை விட்டுட்டு ஸ்பேனர் பிடிக்கிறவனைப் பாக்குற ஒரே ஆள் நீதான்வே” என்பார் தங்கையா.

“அவனுக்கும் ஒரு அத்தா இருப்பாருல்ல அண்ணாச்சி? அவரு அவனைத்தானே பாப்பாரு?”

டிசம்பரில் கடைசிப் பந்தயம் வந்தது. பச்சைக்கு இரண்டே புள்ளி அதிகம். அன்று இரண்டு பேரில் எவன் முன்னால் வருகிறானோ அவனுக்கே உலகப் பட்டம் என்கிற நிலை. அதே ஞாயிற்றுக்கிழமைதான் ஷமீலும் மூன்றாம் முறையாகக் கோயம்புத்தூர் போயிருந்தான். இதுவும் இல்லையென்றால் ஷார்ஜாதான்.

அந்தி மக்ரிப் தொழுதுவிட்டு ஜலீல் கொஞ்சம் அதிக நேரம் கையேந்தி இருந்தார். பையனுக்காக மட்டும் கேட்டார். மஞ்சள் தொப்பிக்காரனுக்காகக் கேட்பது மரியாதையாகப் படவில்லை. அவன் பணக்காரன், அவனுக்காகக் கேட்க அவன் வீட்டார் இருப்பார்கள்.

சாயாக்கடையில் நுழைந்ததுமே தங்கையா பிடித்துக்கொண்டார்.

“வா பாய். பச்சைக்கு மூணு தேங்காய் ஒடைச்சிட்டுத்தான் வந்தேன். உன் ஆளுக்குப் பள்ளியில துஆ கேட்டியா இல்லையா?”

“அதெல்லாம் கேக்கல.”

“கேக்கலியா? பின்னே அவன் எப்படிவே ஜெயிப்பான்? பாவம், உன்னை நம்பியில்லே எறங்கியிருக்கான்!”

ராசப்பன் சிரித்துக்கொண்டே இரண்டு சாயாவை முன்னால் வைத்தார். “ரெண்டு பேரும் அடிச்சுக்காதீங்க. டிவி புதுசு.”

பந்தயம் தொடங்கியது. பச்சை முன்னால், மஞ்சள் ஒட்டினாற்போலப் பின்னால். நாற்பது சுற்று வரை அப்படியே போயிற்று. ரேடியோவில் “பாக்ஸ், பாக்ஸ்” என்று கூப்பிடும் குரல் கேட்டது. சக்கரம் மாற்ற உள்ளே வா என்று அர்த்தம்.

“பாய், உன் பெட்டி ஆட்டோவைக் கூப்பிடுறான். போய் லோடு எறக்கிட்டு வா.”

ஜலீல் காதில் வாங்கவில்லை. வேறொரு குழுவின் கார் உள்ளே வந்து நின்று, சக்கரம் முழுதாக மாட்டுமுன் நகர்ந்துவிட்டது. பின்பக்கம் குனிந்திருந்த ஒருவன் தூக்கி எறியப்பட்டான். கடையே “அய்யோ” என்றது. கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்ததைக் காட்டினார்கள். ஜலீலுக்கு ஆறவில்லை. சாயாவைத் தள்ளி வைத்தார்.

எட்டு சுற்று பாக்கி இருக்கும்போது, வருடம் முழுக்கக் காத்திருந்தது நடந்தது. ஒரு வளைவில் மஞ்சள் உள்பக்கமாகப் புகுந்து பச்சையைத் தாண்டியது. ஜலீல் பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார். அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

ஷமீல். தமிழ் எழுத்தில் இரண்டு வரி.

‘அத்தா எனக்கு அவசரம் வந்தது. உடனே விளிக்கணும்.’

ஜலீல் படித்தது நாலாம் வகுப்பு வரை, அதுவும் அவர் அம்மாவின் ஊரான உத்தமபாளையத்தில், தமிழில். மலையாளம் தண்ணீர் மாதிரிப் பேசுவார், ஆனால் பஸ் போர்டுக்கு மேல் படிக்க வராது. ஷமீல் படித்ததெல்லாம் மலையாளம். அத்தா படிக்க வேண்டுமே என்பதற்காகவே போனைப் பார்த்துத் தமிழ் எழுத்துப் பழகியவன். உடனே கூப்பிடச் சொல்கிற அளவுக்கு அந்த ஊரில் அவனுக்கு என்ன அவசரம்? சற்றுமுன் டிவியில் விழுந்தவன் கண்முன் வந்தான். ஜலீல் போன் போட்டார். பிஸி. மறுபடி போட்டார். பிஸி.

“எந்தா பாய்? மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?”

ஜலீல் போனைத் தங்கையாவிடம் நீட்டிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். செருப்பைத் தேடிக் கிடைக்காமல் வெறுங்காலோடு இறங்கினார்.

தங்கையா படித்தார். டிவியைப் பார்த்தார். பச்சை மறுபடி மஞ்சளை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு சுற்று பாக்கி. ஒரு நொடிகூட இருக்காது, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏறு பாய். வீட்டுக்குத்தானே?”

“நீங்க பாருங்க அண்ணாச்சி, கடைசி நேரம்…”

“ஏறுவே!”

வழியில் ஜலீலின் வாய் ஓதிக்கொண்டே வந்தது. தங்கையாவும் ஏதோ முணுமுணுத்தார். எந்தச் சாமி பெயர் என்று காற்றில் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் மனைவி லதீஃபா நின்றிருந்தார். கண்ணெல்லாம் நீர். ஒரு கையில் போன், மறு கையால் முந்தானையை வாயில் பொத்தியிருந்தார். அதைப் பார்த்ததும் ஜலீல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எந்த ஆஸ்பத்திரி?” என்றார் மெதுவாக.

“ஆஸ்பத்திரியா? என்னங்க சொல்றீங்க? பையனுக்கு வேலை கிடைச்சிருச்சுங்க! இவ்வளவு நேரம் என்கிட்டதான் பேசிட்டிருந்தான். நீங்க கூப்பிடவே மாட்டேங்கிறீங்கன்னு சொல்றான். இந்தாங்க.”

ஜலீல் போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் ஷமீல் குதித்துக்கொண்டிருந்தான்.

“அத்தா! மெசேஜ் பாத்தீங்களா?”

“அவசரம்னு எழுதியிருந்தியேடா…”

“ஆமா அத்தா! அவசரம் கிடைச்சிருச்சு! மூணாம் தடவை!”

தங்கையாவுக்குத்தான் முதலில் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “மலையாளத்து அவசரம்வே! சான்ஸு! வாய்ப்பு! உன் மவன் சான்ஸுன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்தா நாம ரெண்டு பேரும் இப்படிச் செத்துப் பொழைச்சிருக்க வேணாம்ல?”

ஷமீலுக்கு அது கேட்டது. கொஞ்சம் அடங்கிப்போய்ச் சொன்னான்: “அத்தா… உங்களுக்கு எழுதுறப்ப இங்கிலீஷ் வேணாம்னு நெனச்சேன். சுத்தமா எழுதணும்னு. தமிழ்லயும் அதுதான்னு நெனச்சிட்டேன். பயந்துட்டீங்களா?”

ஜலீலுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிள்ளை தனக்காகத் தேடி எடுத்துப் போட்ட சொல். அது தப்பாகப் போனால் என்ன?

“இல்லடா கண்ணு. நல்லாத்தான் எழுதியிருக்க. நம்ம தமிழ்ல அதுக்கு வாய்ப்புன்னு சொல்லுவாங்க. அடுத்த தடவை அப்படி எழுது.”

“சரி அத்தா. நீங்க எங்கே இருக்கீங்க? ரேஸ் பாக்கலியா?”

“பாதியில வந்துட்டேன். உன் தங்கையா மாமாவும்தான்.”

“இப்பத்தான் முடிஞ்சது. இங்கே எல்லாரும் பாத்தோம்… பச்சை, அத்தா. கடைசி வளைவுல.”

தங்கையா காதை அருகில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வருடம் முழுக்கத் தூக்கிச் சுமந்த ஆள் ஜெயித்துவிட்டான், அதைப் பார்க்காமல் இங்கே இன்னொருத்தர் வீட்டுப் படியில் நிற்கிறார். கத்துவார் என்று ஜலீல் பார்த்தார். அவர் கத்தவில்லை.

“நான் பாத்துட்டே இருந்திருந்தா தோத்திருப்பான். எனக்கு அந்த ராசி உண்டு” என்றார். “லதீஃபாம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க. ஓடி வந்ததுல நெஞ்சு காஞ்சுபோச்சு.”

ஜலீல் உள்ளே போய் முகம் கழுவி, கிப்லா பக்கம் திரும்பி நெற்றியைத் தரையில் வைத்தார். கேட்டது கிடைத்ததற்கு ஒரு நன்றி. பயந்தது நடக்காததற்கு ஒரு நன்றி. வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மனுஷனுக்காகவும் ஒன்று சொன்னார். அதற்கு அரபியில் வார்த்தை தெரியவில்லை, தமிழிலேயே சொன்னார்.

எழுந்து வந்து மைத்துனனுக்குப் போன் போட்டார்.

“சொல்லுங்க மச்சான். பாஸ்போர்ட் அனுப்பிட்டீங்களா?” என்றார் ஷானவாஸ்.

“இல்ல மாப்பிள்ளே. நீ ரெண்டு வருஷமா எடம் பிடிச்சு வச்சிருந்தே, அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும். பையன் வரமாட்டான். கோயம்புத்தூர்ல ரேஸ் காருக்கு எடுத்துட்டாங்க.”

“மாஷா அல்லாஹ்! ஓட்டுறதுக்கா?”

ஜலீல் போனைப் பொத்திக்கொண்டு லதீஃபாவிடம் கேட்டார். லதீஃபா மகன் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

“ஓட்டுறதுக்கு இல்ல மாப்பிள்ளே. டயர் மாத்துறதுக்கு. வலதுபக்கப் பின்சக்கரம்.”

“அது ஒண்ணு மட்டுமா?”

“அது ஒண்ணு மட்டும்தான்” என்றார் ஜலீல், முகமெல்லாம் சிரிப்பாக. “அல்ஹம்துலில்லாஹ்.”