ஜெயிக்கிற மூலை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் வெர்னா டீட்ரிக். கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அன்று, பள்ளிக்கூட விளையாட்டரங்கில் தனக்குப் பிடித்த ரோசலின் பெக்கின் மூலையில் போய் நின்றாள். அங்கே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை; எந்த மூலையில் நிற்கிறார்களோ அதுதான் ஓட்டு. தலை எண்ணியபோது பெக்குக்குத் தேவையான எண்ணிக்கையில் நான்கு பேர் குறைந்தார்கள். ஆள் குறைந்தால் மூலை கலைந்துவிடும். நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம்.

தீவனக்கடைக்காரன் ஓர்வில் இளித்துக்கொண்டு வந்தான். "எங்க கார்வர் பக்கம் வந்துடு வெர்னா. எனக்கும் பெக்கைத்தான் பிடிக்கும். ஆனா ஊர்ல எவன் அந்தம்மாவுக்கு ஓட்டுப் போடுவான்? ஜெயிக்கிற ஆளாப் பாக்கணுமில்ல?"

காலையிலிருந்து இதே பேச்சை ஒன்பது பேரிடம் கேட்டிருந்தாள். வெர்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று கார்வர் மூலைக்கு நடந்தாள்.

"முப்பத்தொரு வருஷம் உங்க பிள்ளைங்களை ஏத்தி இறக்கினவ நான். அதுங்ககூட எந்த பஸ்ல போகணும்னு தெரிஞ்சுதான் ஏறும். நீங்க அடுத்தவன் எதுல ஏறுவான்னு பாத்து ஏறுறீங்க, வெக்கமா இல்ல? கார்வரை மனசாரப் பிடிச்சவங்க கையைத் தூக்குங்க!"

அறுபது பேர் தரையைப் பார்த்தார்கள். ஒரே ஒரு கை எழுந்தது. அது கார்வர் அனுப்பியிருந்த பிரச்சார ஆளின் கை. வெளியூர்க்காரனான அவனுக்கு அங்கே ஓட்டே கிடையாது.