பாறைச் சுற்று

காலையில் அவருக்குச் சட்டை போட இரண்டு பேர் வேண்டியிருந்தது. மனைவி வலது கையைத் தூக்கிப் பிடித்து, கைக்குழந்தைக்கு மாட்டுவதுபோல முதலில் அதை நுழைத்து, முதுகைச் சுற்றிச் சட்டையைக் கொண்டுவந்து இடது கையிடம் ஒப்படைப்பாள். பொத்தானை மட்டும் அவரே போட்டுக்கொள்வார். அதில் அவள் கை வைக்க வந்தால் கோபம் வரும். பிறகு அறைக் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டால் அவர் படகுக்காரர்.

ஊருக்கெல்லாம் வெளியே, ஏரிக்கரையில் இருந்தது அந்த ஓட்டல். வந்து தங்குகிறவர்கள் அறையிலேயே அடைந்து கிடக்காமல் இருக்க ஒரு பலகை வைத்திருந்தார்கள். காலை நடை, சைக்கிள், குதிரை, வில் அம்பு, படகு என்று தினமும் கலர் சாக்பீஸில் அதில் எழுதுவது புரோகிராம் பெண்ணின் வேலை. படகு என்று எழுதினால் அது அவர்தான். அக்கரையில் இருந்த மர மண்டபம்வரை ஆட்களைக் கொண்டுபோய்க் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டும். சமையற்கட்டில் அவருக்குத் துடுப்பு என்று பெயர். "துடுப்பு வந்தாச்சு, டீயை ஊத்துங்கப்பா" என்பார்கள்.

கைக்கு ஆனது இதுதான் என்று சொல்ல ஒரு சம்பவம்கூட இல்லை. விழவில்லை, அடிபடவில்லை. மழைக்காலம் முழுக்கத் தோள் வலித்தது. மழை நின்றபோது கையும் நின்றுவிட்டது. தோள் இறுகிப்போய்விட்டது, தானாக இளகும், ஆனால் மாசக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"படகு ஓட்டறேன்."

"மோட்டாரா?"

"கையாலதான்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு தரம் பார்த்தார். "அப்ப ஓட்டாதீங்க."

சொல்கிறவருக்கு என்ன. ஓட்டலில் இதற்கு முன்னால் குதிரைக்காரருக்கு நடந்ததைப் படகுக்காரர் கண்ணால் பார்த்தவர். குதிரை உதைத்து இடுப்பு போனபோது, "நல்லா ரெஸ்ட் எடுங்கண்ணே" என்று மேனேஜர்தான் அன்பாக முதுகைத் தடவிச் சொன்னார். ரெஸ்ட் எடுக்க வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. ஓட்டலுக்குப் பின்னால் வரிசையாக இருந்த அறைகள் வேலை பார்க்கிறவர்களுக்கு. குதிரைக்காரர் கட்டிலோடு வண்டியில் ஏறினார். அவர் போன மறுநாளே அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

படகுக்காரருக்குப் போக இடம் இல்லை. ஊரில் இருந்த வீட்டைத் தம்பி எப்போதோ தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதற்கப்புறம் ரொம்ப மரியாதையாகப் பேச ஆரம்பித்திருந்தான். மனைவி ஓட்டல் துணி துவைக்கும் இடத்தில் படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டுகிறாள் என்றாலும் அது அன்றாடக் கூலி. அறை அவர் பெயரில் இருந்தது. அவர் பெயர் அந்தப் படகில் இருந்தது. ஆக, அந்தக் கை ஆடவேண்டும். ஆடுவதாகவாவது தெரியவேண்டும்.

ஒரு கை சரியாக இழுக்காவிட்டால் படகு நேராகப் போகாது, வலுவில்லாத கைப் பக்கமே வளையும். கிளம்பும்போதே படகின் மூக்கை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொண்டார். அது வளைந்து வளைந்து தானாக மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. திரும்பும்போதும் அதே பக்கம் வளைந்ததால் போன வழியும் வந்த வழியும் சேர்ந்து ஏரியில் ஒரு முட்டை வரைந்ததுபோல ஆயிற்று.

முதல் வாரமே ஒரு வழுக்கைத் தலைக்காரர் கேட்டுவிட்டார். பக்கத்தில் மனைவி. "ஏங்க படகுக்காரரே, மண்டபம் நேரா இருக்கு, நீங்க என்ன ஊரைச் சுத்திப் போறீங்க?"

"நடுவுல பாறை இருக்குங்க."

எங்கிருந்து வந்தது அந்தப் பாறை? அவருக்கே தெரியாது. வாயைத் திறந்தார், வந்துவிட்டது.

"பாறையா? தெரியலையே?"

"தண்ணிக்கு ஒரு சாண் கீழ இருக்குங்க. மேல தெரிஞ்சா ஆபத்தே இல்லையே."

வழுக்கைத் தலைக்காரர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். "ஆமாங்க, கறுப்பா ஒண்ணு தெரியுது!" என்றாள்.

அன்று சாயந்திரமே ஓட்டல் முழுக்கப் பாறை பரவிவிட்டது. மறுநாள் புரோகிராம் பெண் ஓடிவந்தாள்.

"அண்ணே, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க! இவ்வளவு நல்ல விஷயத்தை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு!"

"நீ கேக்கலையே பாப்பா."

படகு என்று இருந்ததை அழித்துவிட்டுப் 'பாறைச் சுற்று' என்று எழுதி, கீழே அலைபோல ஒரு கோடும் போட்டாள். அதற்கப்புறம் படகுக்குக் கூட்டம். பாறைக்கு நேரே வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஒன்றுமில்லாத தண்ணீரைப் படம் பிடித்தார்கள். ஒரு நோய்வாய்ப்பட்ட மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ வேண்டிக்கொண்டார். அந்த மனிதர் கண்ணைத் திறக்கும்வரை படகுக்காரர் துடுப்பைப் போடாமல் காத்திருந்தார். வேறென்ன செய்வது? ஒரு மேகமூட்டமான நாளில் அவருக்கே அந்தக் கறுப்பு தெரிந்தது. வளைந்து போனார். கை வளைத்ததா அவர் வளைத்தாரா என்று அன்றைக்கு அவருக்கே நிச்சயமில்லை.

கை இளகும் என்று டாக்டர் சொன்ன மாசங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. இளகவில்லை.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் ஓட்டல் முதலாளி ஒற்றை ஆள் துடுப்புப் படகுகளை அனுப்பிவைத்தார். ஆரஞ்சு, மஞ்சள் என்று பிளாஸ்டிக்கில், பொம்மைக் கடையிலிருந்து எடுத்து வந்ததுபோல இருந்தன. வந்தவர்கள் தாங்களே ஏறி, தாங்களே ஓட்டிக்கொள்ளலாம். மேனேஜர் அவற்றைக் கரையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எல்லாம் சரிண்ணே, இந்தப் பாறைதான் இடைஞ்சல். தெரியாம எவனாவது போய் மோதினா நம்ம கதை கந்தலாயிடும். பாறையில வளையம் அடிச்சு, சங்கிலி கட்டி, மேல ஒரு கொடி மிதக்க விடலாம்னு இருக்கேன். முங்கு ஆளு ஒருத்தன் வாரக் கடைசியில வர்றான். நீங்க இடத்தைக் காட்டிடுங்க."

"காட்டிடலாம் சார்" என்றார் அவர்.

அன்று அறையில் மனைவியிடம் வந்து இதைச் சொன்னார். எண்ணெயைச் சூடாக்கி அவர் தோளில் தேய்த்தாள். பிறகு, "ஏங்க, போய்ச் சொல்லிடுங்களேன்" என்றாள்.

"என்னன்னு சொல்ல? கை வரலேன்னா?"

"அதேதான்."

"சொன்னா ரெஸ்ட் எடுங்கம்பாரு."

குதிரைக்காரர் இருந்த அறை சுவருக்கு அந்தப் பக்கம்தான். அவள் சுவரைப் பார்த்தாள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. பாறை வேணும்கிறாங்க. பாறையைப் போட்டுடுவோம்."

கேலிக்குத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காததைப் பார்த்ததும் அவளும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

தோட்டத்து நடைபாதைக்கு இரண்டு பக்கமும் பதித்திருந்த கற்களை மாற்றுவதற்காகப் பெயர்த்து, துணி துவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் குவித்திருந்தார்கள். விடிந்தும் விடியாத பனியில், காலை நடைக்காரர்கள் எழுந்திருக்கும் முன்னால், அவள் அழுக்குத் துணித் தள்ளுவண்டியில் கல்லை அடுக்கி மேலே படுக்கை விரிப்பைப் போட்டு மூடித் தள்ளிக்கொண்டு வந்தாள். காவலாளி எதிரே வந்தான்.

"என்னக்கா, இவ்வளவு காலையிலேயே துணியா?"

"உன் முதலாளி வீட்டு விருந்தாளிங்க தூங்கறாங்களா, புரண்டு சண்டை போடறாங்களா, அந்தப் பாழாப்போனவங்களைத்தான் கேக்கணும்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவள் நெற்றியில் வேர்வை.

கல்லை அவள்தான் தூக்கினாள், அவள்தான் போட்டாள். அவர் ஒரு கையால் படகை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லும் 'ளொப்' என்று ஒரு சத்தம் போட்டு உள்ளே போனது. அப்புறம் அங்கே கல்லும் இல்லை, சத்தமும் இல்லை.

"இதுல ஒரு பக்கம் வெள்ளை அடிச்சிருக்குங்க" என்றாள் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு.

"தண்ணிக்குள்ள போய் யாரு பாக்கப்போறா. போடு."

அடுத்தடுத்த காலைகளிலும் போட்டார்கள். குவியல் தீர்ந்தது. அவர் நீளமான கழியை விட்டுப் பார்த்தார். கழி முழுக்க உள்ளே போய், கை தண்ணீருக்குள் போய், அப்போதும் எதிலும் முட்டவில்லை. "மலையையே கொண்டுவந்து போட்டாலும் முழுங்கிட்டு ஏப்பம் விடும்" என்றாள் அவள். உள்ளங்கைகள் இரண்டும் உரிந்திருந்தன. அவற்றை ஏரித் தண்ணீரில் நனைத்தபடி அவரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

முங்கு ஆள் சொன்னபடி வந்தான். நடுவில் ஒரு இடத்தை அவர் காட்டினார். எங்கே காட்டினால் என்ன? அவன் உள்ளே போனான், வந்தான், இன்னொரு பக்கம் போனான். கரையில் மேனேஜரும் புரோகிராம் பெண்ணும் வேடிக்கை பார்க்கச் சில விருந்தாளிகளும் நின்றார்கள். கடைசியில் அவன் நீந்திக் கரைக்கு வந்து, காதிலிருந்த தண்ணீரைத் தட்டிவிட்டுச் சொன்னான்.

"பாறையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். வெறும் சேறுதான். ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் கல்லு கெடக்கு. போட்டு நாளாகல, சேறே ஏறல." கையிலிருந்ததைக் கீழே வைத்தான். ஒரு பக்கம் வெள்ளை அடித்த கல்.

நடைபாதையைத் திரும்பிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் அந்தக் கல்லைத் தெரியும். தினமும் அதன் ஓரமாகத்தான் நடந்திருக்கிறார்கள். விருந்தாளிகளில் யாரோ சிரித்தார்கள். புரோகிராம் பெண் மட்டும் பலகையால் யாரோ தன் முகத்தில் அறைந்ததுபோல நின்றாள். "அண்ணே?" என்றாள்.

மேனேஜர் சத்தம் போடவில்லை. படகில் ஏறி உட்கார்ந்தார். "என்னை மண்டபத்துக்குக் கொண்டுபோய் விடுங்கண்ணே. நேரா."

அவர் துடுப்பைப் போட்டார். நேராகப் போக ஒரே வழிதான் இருந்தது. வலது கை இழுக்கிற அளவுக்கே இடது கையும் இழுக்கவேண்டும். அப்படி இழுத்தார். படகு வளையவில்லை. ஆனால் நகரவும் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். தண்ணீரை வருடிக்கொடுப்பதுபோல இருந்தது. நடு ஏரிக்கு வரும்போது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. வலது கை துடுப்பை விட்டுவிட்டது, அவர் விடவில்லை. துடுப்பு தண்ணீரில் சும்மா மிதந்தது.

"கை எவ்வளவு நாளா இப்படி?"

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"இதை அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா கேட்ல ஒரு நாற்காலியைப் போட்டு உக்கார வெச்சிருப்பேனே. காவலுக்கு ஆள் இல்லாமத்தானே வெளியிலிருந்து எடுத்தேன். இப்போ முங்கு ஆளு முதலாளி அனுப்பின ஆளு, போய்ச் சொல்லாம இருக்க மாட்டான். கல்லு வேற. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

உண்மையிலேயே நாற்காலி போட்டிருப்பாரா? குதிரைக்காரருக்கு ஏன் போடவில்லை? கேட்கலாம்தான். ஆனால் அந்த நாற்காலி அதற்குள் அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. கேட் ஓரம், நிழலில், கை வேண்டியிராத ஒரு நாற்காலி. பொய்யாக இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. உண்மையாக இருந்தால் எப்படித் தாங்குவது?

"மாசக் கடைசிவரைக்கும் இருந்துக்குங்க. அதுக்கு மேல என்னால முடியாது."

"சரிங்க சார்."

திரும்பிப் போக வேண்டுமே. இருவரும் குனிந்து இடம் மாறிக்கொண்டார்கள். மேனேஜர் துடுப்புகளைப் பிடித்து இழுத்தார். தண்ணீர் வாரி வாரி இருவர் மேலும் அடித்தது. துடுப்புக்காரர் கரைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும். இத்தனை வருஷமும் போகிற இடத்தைத் தோளுக்கு மேலாகத் திரும்பித் திரும்பித்தான் பார்த்திருக்கிறார். இன்று விருந்தாளியின் இடத்தில் உட்கார்ந்து நேரே பார்த்தார். கரை பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓட்டல், கவிழ்த்த ஆரஞ்சுப் படகுகள், பின்னால் வரிசை அறைகள், கொடியில் காயும் விரிப்புகள்.

"துடுப்பை ஆழமாப் போடாதீங்க சார், மேலோட்டமா இழுங்க" என்றார். மேனேஜர் அப்படியே செய்தார். படகு ஓட ஆரம்பித்தது, நேராக.

மனைவி விரிப்புகளை எடுத்துக்கொண்டிருந்தவள் ஏரியைப் பார்த்தாள். யார் துடுப்புப் போடுகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அந்தத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். கையிலிருந்ததை மடித்து வண்டியில் வைத்தாள். பாதி விரிப்புகள் கொடியிலேயே கிடக்க, படகு கரைக்கு வரும்வரை நிற்காமல், அறையைப் பார்த்து நடந்தாள்.